வேளை கெட்ட சங்கு

ஏனோக் சினிமாக் கதையை ஆரம்பித்தால் ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் டீ ஆறிப்போகும். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவர் தங்கச் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் கிளார்க். மெட்ராஸிலிருந்து ஒரு சினிமா கம்பெனி வந்து, ஆட்கள் கீழே இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் மூன்று நாள் படம் பிடித்தது. கதாநாயகன் எத்தனை இட்லி தின்றான், கதாநாயகி எந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று முரண்டு பிடித்தாள், எல்லாம் ஏனோக்குக்கு மனப்பாடம். ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார். அந்த ஒன்று வெளியே வந்துவிடக் கூடாது என்றுதான் மற்றதையெல்லாம் அவ்வளவு பேசினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலேயே பரத் அவரைப் பிடித்துக்கொண்டான். பெங்களூருக்கு தினமும் ரயிலில் வேலைக்குப் போய் வருகிற பையன். லீவு நாளில் ஊர்ப் பழங்கதைகளை வீடியோ எடுத்து யூடியூபில் போடுவான்.

“அங்கிள், அந்தப் படத்துல சுரங்க ஆக்சிடென்ட் சீன் வருதுல்ல? வளையல் ஒடைக்கிற பொண்ணு யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். நம்ம கிருஷ்ணம்மா! இன்னா ஆக்டிங் அங்கிள்! வாங்க, ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு எடுக்கலாம்.”

ஆக்டிங் என்று அவன் சொன்னதும் ஏனோக் பைபிளை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினார். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கிருஷ்ணம்மா எதிரே வந்தால் எதிர்ப்பக்கக் கடைக்குள் நுழைந்து வேண்டாத சோப்பை வாங்குகிற மனிதர் அவர். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தான் இல்லாதபோது அவள் என்ன சொல்வாளோ என்ற பயம் அவரைப் பரத்தின் வண்டியில் ஏற்றிவிட்டது.

நடந்தது இதுதான். விபத்துக் காட்சியில் அழுவதற்குக் கூலிக்கு வந்த பெண்கள் முதல் நாள் அழவே இல்லை. கதாநாயகனைக் கண்டதும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கிளிசரின் போட்டாலும் சிரிப்புத்தான். டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது யாரும் கேட்காமலே ஏனோக் முன்னால் போய் நின்றார்.

“சார், கிளிசரின் எதுக்கு? நாளைக்கு ஒரு தடவ சங்கு ஊதினா போதும்.”

ஷிஃப்ட் மாறுகிற நேரம் தவிர வேறு வேளையில் சுரங்கச் சங்கு ஊதினால், கீழே ஆள் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தம். தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து பெண்கள் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம், மெட்ராஸ்காரருக்குத் தெரியாது. மறுநாள் பதினோரு மணிக்கு, மரக்கட்டை அடுக்குக்குப் பின்னால் கேமராவை ஒளித்து வைத்த பிறகு, ஏனோக்கே சங்கை ஊதினார். டைரக்டர் தோளில் தட்டிக்கொடுத்தார். விசையில் கை தவறிப் பட்டுவிட்டது, சினிமாக்காரர்கள் தற்செயலாகப் படம் பிடித்துவிட்டார்கள் என்று ஏனோக் ஊருக்குச் சொன்னார். ஊரும் நம்பியது. இருபத்தேழு வயசில் ஒரு தட்டிக்கொடுத்தலுக்காக மனிதன் என்னவெல்லாம் செய்வான் என்று நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும்.

“வாங்கண்ணா! வழி தெரிஞ்சுதா?” என்று சிரித்தபடி கிருஷ்ணம்மா நாற்காலி போட்டாள். அறுபத்தெட்டு வயசு. லைன் வீட்டில் தனியாக இருக்கிறாள். அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லையாம். மாமியார் சினிமாக் கொட்டகைப் பக்கமே விட்டதில்லை.

பரத் இரண்டு போன் வைத்திருந்தான். ஒன்றை ஸ்டாண்டில் மாட்டி அவர்களை எடுக்க விட்டான். இன்னொன்றில் அந்தக் காட்சியை ஓட்டி அவள் கையில் கொடுத்தான். ஈரப் புடவையோடு ஒரு இளம்பெண் ஓடி வருகிறாள். சட்டென்று கேமராவுக்குப் பக்கவாட்டில் யாரையோ பார்த்து நின்று ஏதோ கேட்கிறாள். ஒரு நொடி காத்திருக்கிறாள். பிறகு இரண்டு கையையும் இரும்புக் கம்பத்தில் ஓங்கி அடிக்கிறாள். மெட்ராஸில் டப்பிங் பேசிய யாரோ ஒருத்தியின் ஓலம்தான் கேட்கிறது.

“இங்க இன்னா டயலாக் சொன்னீங்க? டப்பிங்ல அது போயிடுச்சி” என்றான் பரத்.

“டயலாக் இன்னா தம்பி டயலாக். அண்ணா அங்க நின்னுனு இருந்தாரு. யாரு கீழ போனாங்க, யாரு மேல வந்தாங்கன்னு டைம் ஆபீஸ்லதான தெரியும்? ‘எங்க ஊட்டுக்காரர் வந்துட்டாரா?’ன்னு கேட்டேன். அண்ணா தலய குனிஞ்சிக்கினாரு. பாவம், கை தவறி சங்க ஊதிட்டோமேன்னு அவருக்கு பயம், அது எனக்கு அப்ப தெரியாதுல்ல? நான் அவ்ளோதான்னு நெனச்சி ஒடச்சிட்டேன்.”

டைரக்டர் உதட்டில் விரல் வைத்து ஏனோக்கைப் பார்த்த நேரம் அது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

“சாயங்காலம் அவரு வேர்க்கடல தின்னுக்கினே ஊட்டுக்கு வராரு. மாமியார் என் வெறுங்கையப் பாத்துச்சி. புருஷன் உசுரோட கீறப்பவே வளையல ஒடச்ச மூதேவின்னு சொல்லி, அன்னிலேர்ந்து என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல. ஆறு வருஷம் கழிச்சி நெஞ்சுல தூசி அடச்சி அவரு போயிட்டாரு. சடங்குக்கு வளையல் ஒடைக்க வந்தாங்க. மாமியார் ‘இவளுக்கு எதுக்கு, இவ எப்பவோ ஒடச்சிட்டா’ன்னுச்சி.” கிருஷ்ணம்மா போனைக் கீழே வைத்தாள். “நானும் அப்படித்தான் நெனச்சிக்கினேன். என் கைதான் அவர அனுப்பிடுச்சின்னு.”

இதெல்லாம் ஏனோக்குக்குத் தெரியாது. சோப்புக் கடைக்குள் ஒளிந்துகொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும்? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. பேசாமல் எழுந்து போய்விடலாம். அவள் நம்புவாள், ஊரும் நம்பும்.

“கிருஷ்ணம்மா, அது கை தவறிப் படல. நான்தான் வேணும்னே ஊதினேன். நீங்கல்லாம் நெசமாவே அழணும்னு. அந்த யோசனயும் என்னுதுதான். உன் ஊட்டுக்காரர் நல்லா கீறாருன்னு தெரிஞ்சேதான் தலய குனிஞ்சேன்.”

பரத் ஸ்டாண்டிலிருந்த போனை அணைக்கப் போனான். “எடுக்கட்டும், வுடு” என்றாள் கிருஷ்ணம்மா. தன் இரண்டு மணிக்கட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள், செருப்பைக் கழற்றுவாள் என்று ஏனோக் காத்திருந்தார். அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் என்று அவர் மனசு கெஞ்சியது.

அவள் திட்டவில்லை.

“எங்க மாமியார் கடைசி ரெண்டு வருஷம் படுத்த படுக்க, அண்ணா. பீ மூத்திரம் எல்லாம் நான்தான் எடுத்தேன். தண்ணி மட்டும் பக்கத்து ஊட்டுலேர்ந்து நேசமணி வந்து குடுத்துட்டுப் போவா. ஒரு நாளு அவ வேலூருக்குப் போயிட்டா. கெழவி நாக்கு ஒட்டிக்கினு கெடந்துச்சே தவிர என் டம்ளர வாங்கல. நீங்க ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தீங்க. ஒரு நட வந்து இத கெழவிகிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?”