விசிறியில் திருநீறு

நாற்பத்தொரு மணி நேரமாக அம்மா பச்சைப் புள்ளியைப் பார்க்கவில்லை. வியாழன் இரவு பத்து மணிக்கு அண்ணனின் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. அதன்பிறகு ஒவ்வொரு முறை போட்டபோதும் சில நிமிடங்களில் திரை கறுத்தது. பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்தால் சுட்டது. சனிக்கிழமை பிற்பகல் இக்மல் வந்தபோது அம்மா அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இக்மல் அண்ணனோடு ஒன்றாகப் படித்தவர். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவர் குடும்பத்துக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை இருக்கிறது. கடை நேரம் போக, தெரிந்தவர்களின் கம்ப்யூட்டர்களைச் சரிபார்த்துக் கொடுப்பார். இதையும் அண்ணனும் அவரும்தான் ஒவ்வொரு பாகமாக வாங்கி இணைத்தார்கள்.

அண்ணன் தனேஷ் போன டிசம்பரில் தாய்லாந்தில் வேலை என்று போனான். ஒரே ஒரு முறை அழைத்தான். எல்லை தாண்டிக் கொண்டுவந்துவிட்டார்கள், போனைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் தொடர்பு அறுந்தது. போலீசில் புகார் கொடுத்தோம். வேறு செய்தி இல்லை.

மிஞ்சியது பச்சைப் புள்ளிதான். முன்பெல்லாம் அண்ணன் இக்மல் வீட்டுக்குப் போய் விளையாடுவான். வீடு திரும்பும்வரை அம்மா போன் அடித்துக்கொண்டே இருப்பார். தொல்லை தாங்காமல் அதே ஆட்டத்தில் அம்மாவுக்கும் ஒரு கணக்கு திறந்து, தன்னை அதில் நண்பனாகச் சேர்த்தான். தன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிந்தால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம், போன் அடிக்கவேண்டாம் என்றான். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெயர்ப் பட்டியல் ஆட்டத்துக்குள் மட்டும்தான் தெரியும். அதனால் பத்து மாதமாக ஆட்டம் இரவும் பகலும் ஓடியது. யாரும் ஆடவில்லை. முகப்பில் ஒரு வீரன் வாளைத் தோளில் சாய்த்து, மூச்சு விட்டபடி நிற்பான். கிராஃபிக்ஸ் கார்டு அவனை ஓயாமல் வரைந்துகொண்டிருந்தது. வலது மூலையில் அண்ணனின் பெயர். பெரும்பாலான நாள்களில் அதனருகே பச்சை எரிந்தது. எரியும்போதெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வேன். சாப்பிட்டியா. உடம்பு எப்படி இருக்கு. பதில் வந்ததில்லை. பக்கத்தில் ஆள் நிற்பான், எழுத விடமாட்டார்கள் என்பார் அம்மா.

போன திங்கள்கிழமை ஓர் அதிகாரி அழைத்தார். எல்லையில் ஆற்றோரம் ஓர் உடல் கிடைத்திருக்கிறது, வயதும் உயரமும் பொருந்துகின்றன, அம்மாவின் ரத்தம் வேண்டும் என்றார். தங்கையான என் ரத்தத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாதாம். வரும் திங்கள்வரை காத்திருப்பார்கள். பிறகு அங்கேயே புதைத்துவிடுவார்கள். நான் வேதியியல் படித்தவள். தாயின் ரத்தம் ஏன் வேண்டும் என்பதை அம்மாவுக்கு எளிமையாக விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"நேத்துகூட வந்தானே," என்றார். "உசுரோட இருக்கிற புள்ளைக்கு எதுக்கு ரத்தம்?"

கம்ப்யூட்டர் நின்றபோது, இனி அம்மா மருத்துவமனைக்கு வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். நான்தான் இக்மலை அழைத்தேன்.

அவர் பெட்டியைத் திருப்பி வைத்து, மேல்மூடியைப் பார்த்தார். அதன் துளைகள்மேல் மூன்று பட்டைத் திருநீறு, நடுவில் குங்குமம்.

"என்ன ஆன்ட்டி, கம்ப்யூட்டருக்கும் பட்டை போட்டாச்சா?"

அம்மா சிரிக்கவில்லை. முன்பு ஆயுத பூஜைக்கு மட்டும் பூசுவோம். அண்ணன் போன பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா அதற்குச் சாம்பிராணி காட்டி, திருநீறு பூசினார்.

இக்மல் திருகுகளைக் கழற்றி, கார்டை வெளியே எடுத்து, செய்தித்தாள்மேல் வைத்தார். இரண்டு விசிறிகளில் ஒன்று சுற்றவில்லை. அவற்றுக்குக் கீழே இருந்த அலுமினியத் தகடுகளின் இடைவெளிகள் சாம்பல் நிறத்தில் அடைத்துப் போயிருந்தன. சாம்பிராணிப் புகையில் பிசின் இருக்கிறது. அது எங்கும் ஒட்டும். அதன்மேல் திருநீறு துளை வழியாகக் கொட்டி, பினாங்கின் ஈரக்காற்றில் இறுகியிருந்தது. விரலால் தேய்த்தால் போகவில்லை. நான் பல் துலக்கும் தூரிகையும் ஆல்கஹாலும் கொண்டுவந்தேன்.

நான் தகடுகளைத் தேய்த்தேன். அவர் கார்டின் சில்லின்மேல் காய்ந்து வெடித்திருந்த, வெப்பம் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்தார். அம்மா எங்கள் தலைக்குமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பூசுனதாலயா கெட்டுச்சு?"

நான் தூரிகையை மறுபடி ஆல்கஹாலில் நனைத்தேன். ஓயாமல் ஓடினால் எந்தக் கார்டும் சூடாகத்தான் செய்யும் என்று இக்மல் சொன்னார். கொஞ்ச நாளைக்கு அணைத்து வைக்கலாமே என்றும் சொன்னார். இரண்டாவதைத் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"அணைச்சா அவன் வர்றது எப்படித் தம்பி தெரியும்? திங்கக்கிழமை ரத்தம் குடுக்கணுமாம். யாரோ செத்தவனுக்கு. நான் போகமாட்டேன்லா."

இக்மலின் கை நின்றது. என்ன ரத்தம் என்று என்னிடம் கேட்டார். ஆறு, உடல், திங்கள்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். அவரிடம் அவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை. அவர் துணியை மடித்து வைத்தார். பிறகு அதையே விரித்து, துடைத்த இடத்தைத் திரும்பவும் துடைத்தார்.

புது பேஸ்ட்டைச் சில்லின் நடுவில் சிறிதளவு வைத்து மூடினார். நின்றுபோயிருந்த விசிறியின் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். கம்ப்யூட்டரைப் போட்டபோது இரண்டு விசிறிகளும் சுற்றின. ஆட்டத்தைத் திறந்தோம். நொடிக்கு முப்பது படங்கள் போதும் என்று நான் அமைப்பில் குறைத்தேன். முன்பு தொண்ணூற்று நான்கு டிகிரி வரை ஏறிய வெப்பம் அறுபத்தாறில் நின்றது.

வீரன் மூச்சு விட்டான். மூலையில் அண்ணனின் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் பழைய தெளிவு திரும்பியிருந்தது.

"வருவான். கொஞ்ச நேரம் இரு தம்பி, நீயும் பாத்துட்டுப் போ. அவன் நேரம் எல்லாம் எனக்கு அத்துப்படி. கடை சாத்துற நேரத்துக்கு மேல வருவான். உங்க நோன்பு மாசத்துல விடியறதுக்கு முன்னால வந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் வரவே மாட்டான். அன்னிக்கு அங்க என்ன வேலை வாங்குறானுங்களோ."

நான் இக்மலைப் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்தபடியே திருகுகளை உள்ளங்கையில் வைத்து மூடியிருந்தார்.

பெயர் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. வெளியே மழை பிடித்தது. "ஷர்மினி, கொடியில கெடக்குற துணிய எடு," என்றார் அம்மா. நான் எழுந்திருக்கவில்லை.

"ஆன்ட்டி, திங்கக்கிழமை நான் காடி ஓட்டிட்டு வர்றேன்," என்றார் இக்மல். " ஷர்மினியும் வரட்டும். போயி ரத்தம் குடுத்துட்டு வந்துருவோம்."

"எதுக்கு? இன்னிக்கு வருவான் பாரு."

"இன்னிக்கு வரமாட்டான் ஆன்ட்டி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

இக்மல் திருகுகளைச் செய்தித்தாளில் வைத்தார். ஒன்று உருண்டு நாற்காலிக்கு அடியில் போனது. அவர் அதை எடுக்கவில்லை.

"போறதுக்கு முன்னாலயே அந்த கேம் ஐடிய என்கிட்ட வித்துட்டான். நீங்க சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு கேட்டதெல்லாம் எனக்குத்தான் வந்துச்சு. நிறுத்திட்டா நீங்க என்ன நினைப்பீங்களோன்னு தினம் போட்டேன். பச்சையா எரிஞ்சது நான்தான், ஆன்ட்டி."