கையெழுத்துக்கு மேலே ஒரு வரி

கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்தது புதன்கிழமை. அன்றைய பாதுகாப்புக் கூட்டத்தில் இருந்தேன் என்று அவர் கையெழுத்துப் போட்டதோ திங்கட்கிழமை. இதில் என்ன தப்பு என்று போன வாரம் கேட்டிருந்தால் சூப்பர்வைசர் சிரித்திருப்பார். அந்த ஏற்பாடே அவருடைய மூளையில் உதித்ததுதான்.

தினமும் வேலை தொடங்கும் முன் ஆட்களைக் கூட்டி, இன்று எங்கே என்ன ஆபத்து என்று பத்து நிமிடம் சொல்ல வேண்டும். சொன்னதை நோட்டில் மேலே எழுதி, கீழே அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். நாற்பது பேர், ஒரு பேனா. சிலர் பெயரை எழுதி முடிப்பதற்குள் குழைத்த கலவை இறுகிவிடும். அதனால் திங்கட்கிழமையே ஆறு நாளுக்கும் சேர்த்து வாங்கிவிடுவார். "மூளைக்காரன்யா நீ!" என்று இன்ஜினியர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் மனிதரின் கால் தரையில் பாவவில்லை. கையெழுத்துதான் கையில் இருக்கிறதே என்று அவசர நாட்களில் கூட்டத்தையே விட்டுவிடவும் பழகிக்கொண்டார்.

புதன்கிழமை அப்படி ஓர் அவசர நாள். கான்கிரீட் லாரி அரை மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றது. மூன்றாம் மாடிச் சாரத்தில் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டும் கயிற்றை முந்தின நாள் சாயங்காலம் சூப்பர்வைசர்தான் அவிழ்த்து அடுத்த கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார். வேறு கயிறு வரும்வரை அங்கே யாரும் ஏறக் கூடாது. கூட்டம் போட்டிருந்தால் அவர் சொல்லியிருக்க வேண்டியது இந்த ஒரே விஷயம்.

லாரிக்குக் கை காட்டிக்கொண்டே தற்செயலாக மேலே பார்த்தார். கொத்தனார் ஏறி நின்று, கொக்கியைக் கையில் பிடித்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் சாய்ந்து கயிற்றைத் தேடினார். எட்டு வருடப் பழக்கம் அது. கயிறு இல்லை. கீழே மணல் குவித்திருந்ததால் உயிர் தப்பியது. வலது காலும் தோள் எலும்பும் முறிந்தன. தலையிலும் அடி. அந்தக் காலைப்பொழுது அவர் நினைவிலிருந்து மொத்தமாக அழிந்துபோயிற்று.

ஆம்புலன்ஸ் போன பிறகு சூப்பர்வைசர் அலுவலக அறைக்குள் போய் நோட்டைத் திறந்தார். புதன்கிழமைப் பக்கத்தில் நாற்பது கையெழுத்துகள் இருந்தன. மேல் வரி காலியாக இருந்தது. பேனாவை எடுத்து அதில் எழுதினார்: 'மூன்றாம் மாடியில் கயிறு இல்லை, யாரும் ஏறக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டது.' அன்றிலிருந்து சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலருகே டம்ளர் கழுவிக்கொண்டிருந்த கொத்தனாரின் மனைவி, இவரைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கண்ணே. நீங்க தொண்ட கிழிய சொல்லியிருக்கீங்க. இவருக்கு ஒரு காதுல வாங்கி மறு காதுல விடுறதே பொழப்பு! ரெண்டு புள்ளைங்கள ஒரு நிமிஷம் நெனச்சிருந்தா ஏறியிருப்பாரா?"

கொத்தனார் தலையைத் தூக்க முயன்றார். "ஒண்ணுமே ஞாபகம் வரல சார். இன்ஜினியர் நோட்டக் கொண்டாந்து காட்டினாரு. கையெழுத்து திங்கக்கெழம போட்டது, அது கெடக்கட்டும். மேல உங்க கையால எழுதியிருக்கே! நீங்க சொல்லியும் ஏறியிருக்கேன்னா எனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? விபத்த விசாரிக்கிற ஆபீசர் திங்கக்கெழம வந்து கேப்பாராம். அன்னிக்கு நான் எங்க நின்னேன், நீங்க எப்படிச் சொன்னீங்க? கொஞ்சம் எடுத்துக் குடுங்க சார், ஞாபகம் வருதான்னு பாக்கறேன்."

வரும் வழியெல்லாம் சூப்பர்வைசர் ஆறுதல் வார்த்தைகளைத்தான் அடுக்கிவைத்திருந்தார். அதில் எதுவும் இந்தக் கேள்விக்கு உதவாது. தன் எழுத்தை நம்பி, நடக்காத ஒரு கூட்டத்தை நினைவில் தேடித் தவிக்கும் அந்த முகத்தைப் பார்க்க அவருக்குக் கூசியது.

"நான் சொல்லல" என்றார். "அன்னிக்குக் கூட்டமே போடல. கயித்த அவுத்ததும் நான்தான். நீங்க விழுந்ததுக்கு அப்புறம்தான் அந்த வரிய எழுதினேன்."

கொத்தனார் தலையைத் தலையணையில் சாய்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப என் புத்திக்கு ஒண்ணும் ஆகல! கேட்டியா, அவரு சொன்ன எதையும் நான் மறக்கல!" என்று மனைவியிடம் சொன்னார். அவர் எழுந்து நாலு அறை அறைந்திருந்தால் சூப்பர்வைசருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மனைவி சிரிக்கவில்லை. "மூணு நாளா திட்டிக்கிட்டே இருக்கேன்" என்றாள். "வலியில மொனகினப்பகூட, நல்லா வேணும்னு சொன்னேன்."

"ஆபீசர்கிட்ட நானே உண்மையச் சொல்லிடறேம்மா. என் வேலை போனாலும் பரவால்ல."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து மகளின் பள்ளிக்கூட நோட்டை எடுத்து, பின்பக்கத்துத் தாள் ஒன்றைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினாள்.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க. உங்க கையால எழுதினாத்தான் எல்லாரும் நம்புறாங்க."

கட்டில் விளிம்பில் தாளை வைத்து ஒன்றுவிடாமல் எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடக் குனிந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னிக்குத் தேதியே போடுங்க" என்றாள்.