வெள்ளிக்கிழமைகளில் வராத முகம்

முதலில் வந்தது ஒரு காது.

ஆலங்குடாவில் இன்னும் கட்டப்படாத ஒரு கடற்கரை விடுதியின் நீச்சல் தடாகத்துக்கு மேலே, தென்னோலைகளுக்கு நடுவில், தீப்பெட்டி அளவான ஒரு சதுரத்துக்குள் அது தெரிந்தது. ஹிதாயா கண்ணை இறுக்கி மூடித் திறந்தபோது இல்லை. மறுநாளும் அதே பின்னேரம், அஸர் தொழுகை நேரம், விடுதியின் கூரை ஓடுகளுக்குள் ஒரு வாயின் ஓரம் வந்தது. அதன் கீழே மிளகளவு மச்சம். அந்த மச்சத்தை அவளுக்குத் தெரியும். மூன்றாம் நாள் ஒரு கண்.

அவளுடைய கணவன் அஃப்ராஸ் மௌத்தாகி அன்றைக்கு நாற்பத்தாறு நாள்.

கட்டப்படாத கட்டடத்துக்குள் நடந்து போவதுபோல் கொம்பியூட்டரில் படம் செய்வது அவள் தொழில். சுவரும் படியும் மரமும் அவள் வரைவாள். வெளிச்சம் எங்கே விழ வேண்டும், தண்ணீர் எப்படி மினுங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத் திரையில் காட்டுவது உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்ட். அந்தக் கொம்பியூட்டரை ஒவ்வொரு பாகமாக வாங்கிப் பூட்டியவன் அஃப்ராஸ். மார்ச் மாதத்தில் பாலாவிப் பக்கம் லொறி ஒன்றில் மோட்டார் சைக்கிள் மோதி அவன் போனான். பெட்டி மட்டும் அறையில் முன்போலவே உறுமிக்கொண்டிருந்தது.

துண்டு துண்டாக முகம் வந்து சில நிமிடத்தில் திரை கறுத்துப்போகும். கொம்பியூட்டர் தானாக நின்று திரும்ப ஒளிரும். செய்த வேலை போய்விடும். விடுதிக்காரி அனஸ்தாசியா முப்பதாம் திகதிக்குள் படம் வேண்டும் என்று இரண்டு முறை குரல் பதிவு அனுப்பிவிட்டாள். மாமனார் அபூசாலி, "அந்தப் பெட்டிய வித்துப்போடு மகள். அவனே இல்ல, அவன்ட விளையாட்டுச் சாமான் என்னத்துக்கு?" என்று சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார். திருத்தாவிட்டால் தொழில் போகும், பெட்டியும் போகும். திருத்திவிட்டால் அவன் வரமாட்டான். அவள் நாள்கணக்கில் ஒருவருக்கும் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

பள்ளிவாசல்துறையில் அந்த வீட்டில் இப்போது இரண்டு பேர்தான். மாமி மௌத்தாகி மூன்று வருடம். ஹிதாயா இத்தாவில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போவதில்லை, பிற ஆண்களோடு பேச்சில்லை. வீதிப் பக்கத்து யன்னல் இரண்டையும் அபூசாலி சாத்தி, கட்டித் துணியில் திரையும் தொங்கவிட்டிருந்தார். ஜனாஸா போன மூன்றாம் நாளே சுவரில் இருந்த அஃப்ராஸின் படங்களைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியவரும் அவர்தான். "படத்தப் பார்த்துப் பார்த்து அழப்படாது" என்றார். அவர் அழுததை ஹிதாயா ஒருநாளும் காணவில்லை. அவளும் கொம்பியூட்டரில் கிடந்த ஆயிரக்கணக்கான படங்களில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. மாமனாரின் சொல்லுக்காகப் பாதி, பயத்தில் பாதி.

ஐம்பத்திரண்டாம் நாள் அனஸ்தாசியாவின் மூன்றாவது குரல் பதிவு வந்தது. அஸர் தொழுத கையோடு ஹிதாயா கல்பிட்டிக்கு அழைத்தாள். அங்கே கொம்பியூட்டர் கடை வைத்திருந்த நளீம், அஃப்ராஸின் கூட்டாளி. ஆனால் அவனோடு பேச ஏலாது. பேசியது அவன் மனைவி றிஸ்மியா. ஹிதாயா சொல்வதை றிஸ்மியா நளீமிடம் சொல்வாள். நளீம் சொல்வதை இந்தப் பக்கம் கொண்டு வருவாள்.

"இவர் கேக்கிறாரு, ஸ்க்ரீன் எப்பிடி உடையுதாம்? புள்ளி புள்ளியாவா, கோடு கோடாவா, இல்லாட்டி அப்பிடியே உறைஞ்சு நிக்குதா?"

"சதுரம் சதுரமா, ராத்தா."

"சதுரமாம்… கேட்டுட்டுத் தலையச் சொறியிறாரு. சொறிஞ்சா உள்ளுக்கு என்னமோ ஓடுது எண்டு அர்த்தம். இரு புள்ள." கொஞ்ச நேரம் பின்னால் முணுமுணுப்பு. "அஃப்ராஸ் நானா அந்தக் கார்ட ஓவர்குளொக் பண்ணி வச்சிருந்தாராம். இவரும் கூட இருந்தவராம். ஜனவரியில. எனக்கு மீன் வாங்கப் போறன் எண்டு செல்லிட்டு உங்கட வீட்டதான் ஈந்திருக்காரு, இப்பதான் வெளிய வருது!"

ஓவர்குளொக் என்பதை ஹிதாயா அறிவாள், அஃப்ராஸ் சோறு தின்னும்போதுகூட அதைப்பற்றியே கதைப்பான். கார்டுக்குள் ஒரு துடிப்பு இருக்கிறது; ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு சிறு வேலை. செய்த கம்பனி வெயில், தூசி, வீட்டு மின்சாரம் எல்லாவற்றையும் யோசித்து, துடிப்பைக் கொஞ்சம் குறைத்துத்தான் வைத்து அனுப்பும். குறைத்து வைத்த அந்த மிச்சத்தைத் தேடிப் பிடித்து ஓட்டுவதுதான் ஓவர்குளொக். துடிப்பும் ஒன்றல்ல, இரண்டு: கணக்குப் போடும் சில்லுக்கு ஒன்று, கணக்கை எடுத்து வைக்கும் மெமரிக்கு ஒன்று. பிழை எதில் என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் ஒருநாளும் விளங்காது.

"முதல்ல எல்லாத்தையும் கம்பனி வச்ச கணக்குக்கே கொண்டு போகட்டாம்."

அஃப்ராஸ் பாவித்த மென்பொருளை ஹிதாயா திறந்தாள். கீழே ஒன்றிலிருந்து ஐந்து வரை இலக்கங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அமைப்பைச் சேமித்து வைக்கலாம். ஒன்றாம் இலக்கத்தில் அவனுடைய எண்கள் இருந்தன: சில்லுக்கு நூற்றைம்பது கூட, மெமரிக்குத் தொள்ளாயிரம் கூட. அவன் விரல் கடைசியாக நகர்த்திய கோடுகள். அவள் திரும்பச் சுழியத்துக்குக் கொண்டு போனாள். இருபது நிமிடம் விடுதிக்குள் நடந்தாள். படி ஏறினாள், தடாகத்தைச் சுற்றினாள். ஒரு சதுரமும் வரவில்லை.

"அப்ப கார்ட் சாகல்ல, கரண்ட் வாற பெட்டியும் நல்லம் எண்டு செல்றாரு. இனிச் சில்ல மட்டும் கூட்டட்டாம். மெமரியத் தொடப்படாதாம்."

கூட்டினாள். இன்னும் இருபது நிமிடம். ஒன்றுமில்லை. சில்லைப் பழையபடி இறக்கி, மெமரியை மட்டும் தொள்ளாயிரத்துக்கு ஏற்றச் சொன்னான் நளீம். ஏற்றினாள். நான்காவது நிமிடம் விடுதியின் வெள்ளைச் சுவரில் ஒரு சதுரம் வெட்டுண்டு விழுந்தது. பிறகு மூன்று. பிறகு சுவர் முழுக்க. ஒன்றுக்குள் புருவம். ஒன்றுக்குள் நெற்றியில் ஒட்டிய முடி. ஒன்றுக்குள், அவளை நேராகப் பார்த்தபடி, கண். திரை கறுக்குமுன் அவள் மெமரியைச் சுழியத்துக்கு இறக்கினாள்.

"என்ன புள்ள சத்தத்தக் காணல்ல? வந்திட்டுதா?"

"ம்."

"சதுரத்துக்குள்ள என்ன தெரியுதாம்? வெறும் நிறமா, இல்லாட்டி ஏதும் படமா?"

ஹிதாயா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அவர், ராத்தா. அவர்ட முகம்."

றிஸ்மியா அதை உடனே நளீமிடம் சொல்லவில்லை. "யா அல்லாஹ்" என்றாள் மெல்ல. பிறகு கதவு சாத்தும் சத்தம். பிறகு தாழ்ந்த குரல்கள், நெடுநேரம். திரும்பி வந்தபோது றிஸ்மியாவின் குரலில் பகிடி இல்லை.

"ஒவ்வொரு நாளுமா வாறாரு?"

"வெள்ளிக்கிழமைல இல்ல. போன வெள்ளியும் சதுரம் வந்தது, அதுக்குள்ள நான் வரைஞ்ச சுவரும் மரமும்தான். வெள்ளியிலதானே மௌத்தானவங்கட ரூஹ் வீட்டுக்கு வரும் எண்டு செல்வாங்க. எனக்கு அதுதான் விளங்கல்ல." நிறுத்திச் சொன்னாள். "ஒரு நாளைக்கு ஒருக்காத்தான். கறுத்து நிண்டு திரும்ப ஒளிர்ந்தா, பிறகு சதுரம் வந்தாலும் அவர் இல்ல."

நளீம் சொன்னதை றிஸ்மியா துண்டு துண்டாகக் கொண்டு வந்தாள். அவள் விட்ட இடங்களை ஹிதாயா தானே நிரப்பிக்கொண்டாள். தோணியில் இருந்து மீன் பெட்டி இறக்கும்போது ஆட்கள் வரிசையாக நின்று கை மாற்றுவார்கள் அல்லவா. தாளத்தைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும். அளவுக்கு மீறிக் கூட்டினால் ஒரு கை, புதுப் பெட்டி வருமுன்பே நீண்டு, பக்கத்தில் கிடக்கிற பழைய பெட்டியைத் தூக்கிவிடும். மெமரி தடுமாறுவதும் அப்படித்தான். ஜனவரியில் அஃப்ராஸ் அந்தத் தாளத்தை வைத்தபோது யன்னல் திறந்திருந்தது, வாடைக் காற்று அறைக்குள் வந்தது. இப்போது ஏப்ரல் வெயில். இத்தாவுக்காக யன்னல்களும் மூடிக் கிடக்கின்றன. பின்னேரமாகும்போது அறை அடுப்பு. சூடேறிய மெமரிக்கு அந்தத் தாளம் எட்டவில்லை.

"பழைய பெட்டி எண்டா?" என்றாள் ஹிதாயா.

"கார்ட் ஒரு படத்தக் காட்டி முடிச்சா, அத அழிக்கிறல்லையாம். 'இந்த இடம் காலி' எண்டு குறிச்சி வைக்கிறது மட்டும்தானாம். வாடகைக்கு ஈந்தவங்க போன பிறகும் சுவர்ல கலண்டர் தொங்குமே, அப்பிடி. புதுசு வந்து மூடுற வரைக்கும் பழசு கிடக்கும். கரண்ட் போனா எல்லாம் போயிடும்."

"அப்ப…"

"அப்ப, அது அண்டண்டைக்குத் தொறந்து பார்த்த படமாத்தான் ஈக்கணுமாம் புள்ள. காலையில நீ கொம்பியூட்டர் போட்டதுக்குப் பிறகு. நீ பார்க்கிறியா எண்டு கேக்கிறாரு. பார்த்தாப் பிழையில்ல, நான்தான் கேக்கிறன்."

"நான் ஒண்டையும் தொறக்கல்ல."

நளீம் எதையோ சொல்லவும் றிஸ்மியா "நீங்க சும்மா இருங்க" என்று அதட்டவும் கேட்டது. சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியல் எங்கே இருக்கும் என்று மட்டும் அவள் சொன்னாள்.

ஹிதாயா அங்கே போனாள். மேலே அவளுடைய விடுதி. அதற்குக் கீழே பதினொரு படங்கள், எல்லாம் அஃப்ராஸ். இன்று பன்னிரண்டு ஐம்பத்தொன்று. நேற்றுப் பன்னிரண்டு நாற்பத்தெட்டு. அதற்கு முந்தின நாளும் அப்படியே. வெள்ளிக்கிழமையில் ஒன்றுமில்லை.

நடுப்பகலில் ளுஹர் தொழுதுவிட்டு அவள் பின் அறையில் கொஞ்சம் சாய்வாள், அஸர் வரை. கொம்பியூட்டரை அணைப்பதில்லை. அந்த நேரம் வீட்டில் நடமாடுகிற ஆள் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தம்பியார் வீட்டில் சோறு தின்று, அஸரும் தொழுதுவிட்டுத்தான் அவர் வருவார்.

"கிடைச்சுதா?" என்றாள் றிஸ்மியா.

"ஓம். கிடைச்சிட்டுது ராத்தா."

"ஆர்?"

"நான்தான் தெரியாம அமத்தி ஈக்கிறன் போல."

றிஸ்மியா அதை நம்பியிருக்கமாட்டாள். "சரி புள்ள" என்றாள். "மெமரிய நூறு நூறாக் குறைச்சிட்டு வரட்டாம். எதில சதுரம் நிக்குதோ, அதுக்கும் கீழ இன்னும் ஒரு நூறு. வெயிலுக்கு."

அழைப்பு ஓய்ந்தபின் ஹிதாயா அப்படியே இருந்தாள். ஒரு கிழமையாக அவள் அஸருக்கு முன்னரே தலையில் துணியைச் சரிசெய்து கொண்டிருந்தாள். சதுரத்தில் வந்த வாயிடம் இரண்டொரு வார்த்தை பேசியும் இருந்தாள். அவன் அவளைத் தேடி வரவில்லை. வேறொருவர் தேடியதன் எச்சம் அவள் முன் சிதறியிருக்கிறது.

மெமரி எண்ணூறில் சதுரங்கள் வந்தன, எழுநூறில் வந்தன. அறுநூறில் ஒன்றே ஒன்று. அதற்குள் காதின் மடல். ஐந்நூறில் வரவில்லை. அவள் அரை மணித்தியாலம் தடாகத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தண்ணீராகவே மினுங்கியது. அதற்கும் கீழே நானூறுக்கு இறக்கி, இரண்டாம் இலக்கத்தில் சேமித்தாள். ஒன்றாம் இலக்கத்தை அவள் தொடவில்லை.

மறுநாள் வியாழன். ளுஹர் தொழுதபின் அவள் சாயவில்லை. பின் அறையில் தொழுகைப் பாயில் இருந்தபடியே காதைக் கொடுத்தாள். பள்ளியில் இருந்து அபூசாலி வரும் செருப்புச் சத்தம். பிறகு, மெல்ல, கதிரை இழுபடும் சத்தம். அவள் எழுந்துபோய் வாசலில் நின்றாள்.

அவர் தொப்பியோடு இருந்தார். உப்பளத்தில் நாற்பது வருடம் வெடித்த விரல்கள் மௌஸின் மேல் நண்டுபோல் குந்தியிருந்தன. திரை முழுக்க அஃப்ராஸின் காது. அவ்வளவு பெரிதாக்கியிருந்தார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கன்னத்துக்குக் கொண்டு வந்தார். மச்சத்தில் நின்றார். திரும்ப மேலே போனார், கண்ணுக்கு.

தரையில் அவள் கால் பட்ட சத்தத்துக்கு அவர் உடம்பு குலுங்கியது. மூடத் தெரியாமல் எதையோ அமத்தினார். அடுத்த படம் வந்தது. அதிலும் அஃப்ராஸ், ஆலங்குடாக் கடலில், பல்லெல்லாம் தெரிய.

"இது… இது தானாத் தொறந்து ஈக்கிது மகள்."

"ஓம் மாமா. வெக்கைக்குச் சில நேரம் அப்பிடித்தான்."

அவர் எழும்பவில்லை. கைகளை மடியில் போட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரியில சுத்தித்தானே தந்தாங்க," என்றார் திரையைப் பார்த்து. "முகத்த அவுக்கவேணாம் எண்டு எல்லாரும் சென்னாங்க. நானும் ஓம் எண்டுட்டன். வாப்பா நான், பார்க்காமக் கொண்டுபோய் வச்சிட்டு வந்திட்டன். இப்ப கண்ண மூடினா முகம் முழுசா வருதில்ல. ஒரு நாளைக்குக் காது வரும், ஒரு நாளைக்கு வாய் வரும். சேருதில்ல மகள்."

ஹிதாயா மற்றக் கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள். ஐம்பத்து மூன்று நாளில் முதல் முறையாக அவன் முகத்தை முழுதாகப் பார்த்தாள். துண்டுகளைப் பார்த்த கண் அதைத் தாங்கவில்லை. அவள்தான் முதலில் பார்வையைத் திருப்பினாள்.

"அங்கால உள்ளதப் பார்க்க இந்த அம்பு, மாமா. பின்னால போக இது. கிட்டப் போகாதீங்க, அப்பதான் முழுசாத் தெரியும்."

அவர் விரலைக் கொண்டுபோய் அம்பின் மேல் வைத்தார். அமத்தவில்லை.

"எத்தின ஈக்கிது?"

"ஆயிரத்துக்கு மேல."

"அஸருக்கு இன்னம் நேரம் ஈக்கிதுதானே," என்றார் அபூசாலி.