மிச்சத் தீனி

ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு எடைக்கல் என்று பட்டப்பெயர். காலையில் எலிகளை நிறுப்பான். பிறகு தட்டில் மிஞ்சிய தீனியை நிறுப்பான். இரண்டையும் நோட்டில் எழுதுவான். பதினேழு வருடமாக அதுதான் வேலை.

முதல் வாரம் எல்லா எலிகளுக்கும் வெறும் தீனி. அதன்பிறகு பாதி எலிகளுக்கு வெறும் தீனி. மீதிப் பாதிக்கு ஒரு காட்டு இலையின் சாறு கலந்த தீனி. அந்த இலையிலுள்ள கசப்புப் பொருள் கொழுப்பைக் கரைக்குமா என்பது ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடத்தின் ஆராய்ச்சி.

இரண்டாவது வாரம் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எலிகளை மட்டும் நிறுத்தான். மிச்சத் தீனிக்கு முந்தின வார எண்களையே முன்னே பின்னே மாற்றி எழுதினான். சோதனை முடியும்வரை, ஒன்பது நாள்.

"எடைக்கல்லு, உன் கசப்பு எலிங்க தட்டு நிறைய மீதி வைக்குதுங்கய்யா," என்றார் கூண்டு கழுவுகிறவர்.

"ம்," என்றான். நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

எல்லா எலிகளும் ஒரே அளவு தின்றன, சாறு கலந்ததைத் தின்றவை மட்டும் இளைத்தன என்று முடிவு வந்தது. மேடத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவனும் அக்காவிடம் போய்ப் பெருமையடித்தான்.

அக்காவுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. எடை குறைந்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் சொன்ன நாளிலிருந்து அந்த இலையை அரைத்துக் குடித்துவந்தாள்.

ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனான். படிக்கட்டில் பாதி ஏறி உட்கார்ந்திருந்தாள். வளையல் முழங்கை வரை வழுக்கியது.

"ஆறு கிலோடா! உன் எலிங்களுக்கு ஒரு கும்பிடு போடணும்."

"ஒழுங்கா சாப்பிடுறியா?"

"எங்கடா? அதைக் குடிச்சா சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுது. நேத்து கண்ணு இருட்டி விழப் பார்த்தேன். ஆனா எடை இறங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு நீதானே சொன்னே."

அவன் ஒரு படி கீழே உட்கார்ந்தான்.

"அதைக் குடிக்காதக்கா. நான் பொய் எழுதிட்டேன். எலிங்க மீதி வெச்ச தீனிய நான் நிறுக்கவே இல்ல. அதுங்க பட்டினியிலதான் இளைச்சிருக்கு."

அக்கா வளையலை மெல்ல மணிக்கட்டுக்கு இறக்கினாள்.

"அப்ப நானும் பட்டினிதான் கிடந்தேனா?"

அவன் தலையாட்டினான்.

"மேடத்துக்குத் தெரியுமா?"

"இல்ல. தெரிஞ்சா வேலை போயிடும்."

"என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு குடிக்கப் போறாங்களோ. போய்ச் சொல்லு. அதுக்கு முன்னால எனக்குச் சாப்பிட ஏதாவது கொண்டா."

கொண்டுவந்தான். அவள் பாதி தின்றாள். தட்டில் மிஞ்சியதை அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு மேடத்துக்குப் போன் போட்டான்.