ஒன்பது டாக்டர்கள்

ஒன்பது வெள்ளைக் கோட்டு தைத்ததுதான் நான் செய்த முட்டாள்தனம். மூன்று போதும். மழலையர் வகுப்பில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியும் எனக்குப் புத்தி வரவில்லை. சண்டை வரக் கூடாதென்று ஆளுக்கொரு பழைய சட்டையைக் கை வெட்டித் தைத்துத் தொலைத்தேன். ஜன்னலோர மூலையில் விலங்கு ஆஸ்பத்திரி. இரண்டு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தால் பரிசோதனை மேசை. கறுப்புத் தாளில் வெள்ளைக் கிரேயானால் எலும்பு வரைந்தால் எக்ஸ்ரே. ஊசி இல்லாத சிரிஞ்சு, கட்டுப்போடத் துணிச்சுருள், வாசலில் காத்திருப்பவர்களுக்கு நாலு குட்டி நாற்காலி, நம்பர் எழுதிய டோக்கன் எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

திறந்த ஐந்தாவது நிமிஷம் ஒன்பது பேரும் டாக்டர். உடம்பு சரியில்லாத பிராணியைக் கூட்டிவர ஓர் ஆள் இல்லை. ஒன்பது பேரும் ஒரே முயல் பொம்மையின் மேல் விழுந்து ஊசி போட்டதில் அதற்கு ஒரு காது பிய்ந்தது.

வகுப்பைப் பெருக்கிப் பூட்டும் ஆயாக்கா துடைப்பத்தோடு நின்று சிரித்தாள். “என்ன மிஸ், ஊர்ல இருக்கிற டாக்டரெல்லாம் இங்கதான் இருக்காங்க போல. யாருக்காவது உடம்புக்கு வரணுமே!”

வேறு வழியில்லாமல் நானே நாய் பொம்மையைத் தூக்கிக்கொண்டு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. பொம்மையின் கழுத்தில் இருந்த பட்டை மட்டும் நிஜம். முதலாளியின் பழைய பட்டை.

முதலாளி எங்கள் நாய். அவன் சாப்பிட்ட பிறகுதான் நானும் தங்கையும் சாப்பிடலாம். சோபாவில் அவனுக்குப் போக மீதிதான் எங்களுக்கு. அதனால் அந்தப் பெயர். போன மாதம் தங்கை நாற்பத்தோரு வயதில் கல்யாணம் செய்துகொண்டு போனாள். நல்ல மனுஷன், குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சலே. போன வாரம் வந்து முதலாளியையும் கூட்டிப்போனாள். “நீ ஸ்கூலுக்குப் போயிட்டா நாள் முழுக்க தனியா கெடக்கான்க்கா. அவரு வீட்டுலேருந்தே வேலை பாக்குறாரு. பாவம்ல அவன்?” பாவம்தான். ஸ்கூல் விட்டுப் போய் நான் எப்படிக் கிடப்பேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு ரோஷம் ஒன்றுதான் குறைச்சல்!

அங்கே நாலு நாளாக அவன் சாப்பிடவில்லை. “இன்னைக்கும் சாப்பிடலைன்னா உங்கிட்டயே கொண்டுவந்து விட்டுர்றேன்” என்று காலையில் தங்கை போன் பண்ணினாள். வாய் “ஐயோ பாவம்” என்றது. மனசு, சாப்பிடாதேடா, இன்னும் ஒரே ஒரு நாள், என்றது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்ததைப் பட்டினி போட்டுப் பார்க்கிற மனசு. அவனுடைய தடுப்பூசிப் புத்தகத்தை அவள் மூன்று தடவை கேட்டுவிட்டாள். மூன்று தடவையும் “தேடுறேன்” என்றேன். என் கைப்பையில்தான் இருந்தது. இன்று அதை ஆஸ்பத்திரி மேசைமேல் வைத்திருந்தேன். பிள்ளைகள் விளையாடத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது டாக்டரில் பெரிய டாக்டர் எங்கள் வாயாடி. நாலரை வயது. அவளைப் பேசி ஜெயித்தவர் கிடையாது. எனக்கு முதல் நம்பர் டோக்கன் கொடுத்துவிட்டு விரலை நீட்டினாள். “நம்பர் கூப்புடற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது.”

“சரிங்க டாக்டர்.”

வரிசையே இல்லாத ஆஸ்பத்திரியில் வெகுநேரம் காக்க வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். “என்ன ஆச்சு?”

“சாப்பிட மாட்டேங்குது டாக்டர்.”

அவள் பொம்மையின் வாய்க்குள் பார்த்தாள். காதுக்குள் பார்த்தாள். “ஏன், இதோட அம்மா எங்கயாச்சும் போயிட்டாங்களா?”

“இல்ல டாக்டர். இதுதான் போயிடுச்சு.”

பெரிய டாக்டருக்கு அது விளங்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை முதலில் பொம்மையிலும் பிறகு என் முழங்கையிலும் வைத்தாள். அப்போதுதான் என் போன் அதிர்ந்தது. தங்கை அனுப்பியிருந்தாள்: “அக்கா, முதலாளி ரெண்டு கிண்ணம் சாப்பிட்டான்! இவரு கைல எடுத்து ஊட்டுனாரு. புக்கு கெடைச்சுதா? நாளைக்கு ஊசி போடணும்.”

என் முகத்தில் ஈயாடவில்லை. சந்தோஷம் வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது. வாயாடி இதற்குள் புத்தகத்தைத் திறந்து, அடுத்த ஊசித் தேதி எழுதும் கட்டத்தில் ஒரு வட்டமும் நாலு காலும் வரைந்துவிட்டாள். “சரியாப்போச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

“கெடைச்சிருச்சு, ஸ்கூல் விடறப்ப வா” என்று தங்கைக்கு எழுதினேன். “அவரை அனுப்புறேன்க்கா” என்று பதில் வந்தது.

பிள்ளைகளெல்லாம் போன பிறகு அவர் கேட்டருகே வந்து நின்றார். புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “தேங்க்ஸ்க்கா. ஒரு நாள் வீட்டுக்கு வாங்க, அவனும் உங்களப் பாத்த மாதிரி இருக்கும்” என்றார். நான் தலையாட்டினேன். அவருடைய பேண்ட்டில் முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் கறுப்பு முடி அப்பிக்கிடந்தது. முதலாளி யார்மேலும் சட்டென்று சாய மாட்டான். எனக்கே எட்டு மாதம் ஆனது.

திரும்பி வந்து கோட்டுகளை மடித்தேன். நாய் பொம்மையின் கழுத்துப் பட்டையைக் கழற்றினேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஆயாக்கா சாவியோடு எட்டிப் பார்த்தாள். “பூட்டட்டுமா மிஸ்? வீட்டுக்குப் போகலியா?”

“இன்னும் என் நம்பர் கூப்பிடலக்கா.”

அவள் பெரிதாகச் சிரித்துவிட்டு, அந்தக் கோடியிலிருந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தாள்.