இருபது காட்டுது

பிளேடுக்கு மேலே வந்த திசு உருகின வெண்ணெய் மாதிரி இழுபட்டு மடிந்தது. பெட்டியின் முகப்பிலோ மைனஸ் இருபது என்று ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

பெட்டி என்றால் திசுவை உறையவைத்து வெட்டும் மெஷின். மைனஸ் இருபதுக்கு இறங்கினால்தான் திசு நேராக வெட்டுப்படும்; குளிர் போதாவிட்டால் மசிந்து, ஐஸ் கட்டிய இடமெல்லாம் ஓட்டை விழும். ஆபரேஷன் நடக்கும்போதே கட்டியிலிருந்து ஒரு துண்டு எங்கள் லேபுக்கு வரும். பாதியை மருந்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, மீதியை உறையவைத்து, மெல்லிசாக வெட்டி, சாயம் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொடுப்பேன். அவர் போனில் சொல்லும் ஒரு வார்த்தையை வைத்துத்தான் மார்பை எடுப்பதா, தைத்து அனுப்புவதா என்று தியேட்டரில் முடிவு செய்வார்கள்.

இன்று தியேட்டரில் கிடப்பவள் ஸ்பானரின் மனைவி. ஸ்பானர் எங்கள் ஆஸ்பத்திரி மெக்கானிக். கூப்பிட்டால் கதவில் முதலில் ஸ்பானர் தெரியும், பிறகுதான் ஆள் தெரிவார். முந்தாநாள் இந்தப் பெட்டியைச் சரி பண்ணியதும் அவர்தான். அந்தத் தெம்பில் லேபுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம பெட்டிதானேக்கா, பயமில்ல" என்று காலையில் சிரித்தார் மனுஷன்.

இரண்டாவது வெட்டும் கசங்கியது. மூன்றாவது எப்படியோ ஸ்லைடில் ஒட்டியது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது, சல்லடையாட்டம் ஓட்டை ஓட்டையா இருக்கு? பெட்டி எத்தனை காட்டுது?"

"இருபது காட்டுது டாக்டர்."

சொல்லும்போதே சுருக்கென்றது. மருந்து ஃபிரிட்ஜிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். அது மைனஸ் ஒன்பதில் நின்றது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை.

வெளியே ஓடினேன்.

"முந்தாநாள் பெட்டியில என்ன பண்ணீங்க?"

"நீங்க சொன்னதுதான். கம்ப்ரசர் போச்சு, புதுசு வர ஒரு மாசம் ஆகும்னேன். 'அதெல்லாம் எனக்குத் தெரியாது, நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்க, இருபது காட்டணும்'னீங்க. ஒன்பதை இருபதுன்னு காட்டற மாதிரி செட்டிங்கை மாத்தினேன். ஒன்பதுன்னாலும் ஐஸ் கட்டற குளிருதானேக்கா?"

எங்கள் லேபில் 'இருபது காட்டுதா?' என்றால் 'குளிர்ந்துவிட்டதா?' என்று அர்த்தம். பத்து வருஷமாக அப்படித்தான் பேசுகிறோம். அவருக்கு அது வெறும் எண். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், கம்ப்ரசர் போச்சு என்றது என் காதிலும் விழுந்தது. பிறகு எப்படிச் சரியாயிற்று என்று நான் கேட்கவில்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் இருபது என்று குறித்துக்கொண்டு போனார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

என் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"அக்கா, ஐஸ் கட்டினா போதாதா?"

உள்ளே போன் அடித்தது. நான் போய்ச் சேர்வதற்குள் டாக்டரம்மா எடுத்துவிட்டார்.

"தெளிவா இல்ல. ஆனா பாத்தா கெட்டது மாதிரிதான்…"

"டாக்டர், வேணாம்! அந்த ஸ்லைடை நம்பாதீங்க. பெட்டி ஒன்பதுலதான் இருக்கு. காட்டறது பொய். தப்பு என்னோடது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"இப்ப சொல்ல முடியாது. எதையும் எடுக்காதீங்க. தைச்சிடுங்க" என்று போனை வைத்தார்.

இனி மருந்துத் தண்ணீரில் கிடக்கும் பாதித் துண்டுதான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு நான்கு நாள் ஆகும். கெட்டது என்று வந்தால் அவளை மறுபடியும் மயக்கம் கொடுத்துக் கிடத்த வேண்டும்.

ஸ்பானர் வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"முழிச்சதும் மொதல்ல கேப்பா. நான் என்ன சொல்லட்டும்?"

"இன்னும் தெரியலன்னு சொல்லுங்க."

அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதாவது நிஜந்தானேக்கா?"