திரையில் ஒரு முதுகு

எங்கள் ஊர்த் தியேட்டரில் செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே வாளி கொண்டுபோகலாம். எந்த வாளியானாலும் விளிம்புவரை பாப்கார்ன் கொட்டி, கலப்படமில்லாத வெண்ணெயை உருக்கி ஊற்றித் தருவார்கள். என் தோழி ஆர்டிஸ் பழைய ஐஸ்கிரீம் வாளியோடு வந்திருந்தாள். என்னுடையது அதைவிடப் பெரியது, எதற்கு அவ்வளவு பெரியது என்று யாரும் கேட்க வேண்டாம். இரண்டும் நிரம்பி, வெண்ணெயும் இறங்கிய பிறகுதான் டிக்கெட் கிழிக்கும் கோர்டி மெல்ல வாயைத் திறந்தார். வயதான தம்பதியும் நாயும் வருகிற படம் வந்து சேரவில்லையாம். அதற்குப் பதிலாக, சின்னப் பெண் ஒருத்தி எல்லோரையும் அடித்துத் துவைக்கிற படம்.

ஆர்டிஸ் சண்டைப் படம் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. காரணம் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியவைத்ததில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. அவள் மகள் ப்ரிட்டா சினிமாவில் கதாநாயகிகளுக்கு டூப் போட்டுக்கொண்டிருந்தவள். அட்லாண்டாவில் ஒரு படப்பிடிப்பில் உடம்பில் கட்டியிருந்த கம்பி அறுந்துபோய், முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. ஆர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறை வேலையை விட்டுவிட்டு, மகளை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தி, எட்டு மாதம் புரட்டிப் படுக்கவைத்து, தலைக்கு ஊற்றி, ஊட்டிவிட்டாள். ப்ரிட்டா தபால் பெட்டிவரை தனியாக நடந்துபோய்த் திரும்பிய அன்று, இனிமேல் எங்கிருந்தும் குதிக்க மாட்டேன் என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாள். பிறகு மினியாபொலிஸில் ஒரு பல் மருத்துவரிடம் போன் எடுக்கிற வேலை. அந்த வேலையைப் பற்றி ஆர்டிஸ் பேசியதைக் கேட்டால், ப்ரிட்டாதான் எல்லோருக்கும் பல் பிடுங்குகிறாள் என்று நினைத்துவிடுவீர்கள்.

அதனால் ஆர்டிஸ் வாசலிலேயே தயங்கினாள். ஆனால் வெண்ணெய் ஊற்றிய பாப்கார்னைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. வீணாக்க மாட்டோம், கோர்டியின் மனம் நோகும்படி முகத்தைச் சுளிக்கவும் மாட்டோம். போய் உட்கார்ந்தோம்.

நாயகிக்குப் பதினேழு வயது இருக்கும். எங்கள் வீட்டுப் பூனை அவளைவிடக் கனம். ஆறு தடியன்களை மாடிப்படியில் உருட்டிவிட்டாள், தலைமுடி ஒன்று கலையவில்லை. இவள் சாப்பிட்டு எத்தனை நாள் ஆகிறதோ என்றேன். இவளுடைய அம்மா எங்கே போனாள் என்று ஆர்டிஸ் கேட்டாள். நீ பைக்குள் கைக்குட்டை தேடிக்கொண்டிருந்தபோதே அவளைச் சுட்டுவிட்டார்கள் என்றேன். ஆர்டிஸ் சிரித்தாள். இருட்டில் அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. நல்ல மதியமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் அந்த மொட்டைமாடி வந்தது. பெண் விளிம்பில் நிற்கிறாள், கேமரா அவள் முதுகுப் பக்கம். வலது மணிக்கட்டை இரண்டு தரம் உதறினாள். குதிகாலை ஒருமுறை உயர்த்தி இறக்கினாள். பிறகு குதித்தாள்.

ப்ரிட்டா பள்ளியில் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்த பதினோரு வருஷமும் ஆர்டிஸ் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்தாள், மகளுக்குப் பின்னால், சுவரோரப் பலகையில். முன்னால் உட்கார்ந்தால் அம்மாவைப் பார்த்துத் தடுமாறிவிடுவாள் என்று பயம். மகளின் முகத்தைவிட முதுகு அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வாளிக்குள் போன அவள் கை அங்கேயே நின்றுவிட்டது.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ப்ரிட்டா மறுபடி குதிக்கப் போனது எனக்கு முன்பே தெரியும். என் தம்பி மகனுடைய மனைவி பல்லைக் காட்டப் போனது அதே மருத்துவரிடம்தான். அப்படி ஒரு பெண் அங்கே வேலை பார்த்ததே இல்லை. நானே ப்ரிட்டாவுக்குப் போன் போட்டேன். அழுதாள். குதிக்கவில்லை என்றால் தான் யார் என்றே தனக்குத் தெரியவில்லை என்றாள். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "லவோன் ஆன்ட்டி, நீங்க ஊருக்குச் சொல்லாத ஒரே விஷயமா இது இருக்கட்டும்" என்றாள். அது சுருக்கென்று தைத்தது. அந்த வீம்பில்தான் வாயை மூடிக்கொண்டேன். என் அறுபத்தெட்டு வயதில் நான் காப்பாற்றிய ரகசியம் அது ஒன்றுதான்.

"அது அவ இல்ல ஆர்டிஸ்," என்றேன்.

அவள் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

மெதுவாகத் திரும்பினாள். கண்ணாடியில் படத்தின் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. "யாரு இல்ல?"

நான் ஒரு கை பாப்கார்னை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டேன்.

"எத்தன நாளா தெரியும்?"

"பதினாலு மாசம்."

திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுந்துபோவாள் என்று நினைத்தேன், போகவில்லை. அந்த நடிகையின் முகம் வரும்போதெல்லாம் மடியைப் பார்த்தாள். முதுகு வரும்போது நிமிர்ந்தாள். பாலத்திலிருந்து ஒன்று, கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒன்று, ஓடுகிற லாரியிலிருந்து ஒன்று. ஒவ்வொரு விழுதலுக்கும் மூச்சைப் பிடித்து, அந்த உருவம் எழுந்த பிறகே விட்டாள். கூட்டத்துக்கு முந்திக் காரை எடுக்கவேண்டும் என்று என்னை எப்போதும் இழுத்துக்கொண்டு ஓடுகிறவள், விளக்கு போட்ட பிறகும் அசையாமல் உட்கார்ந்து பெயர்களைப் படித்தாள். ப்ரிட்டா ஹீக்கிலா. ஒரு தும்மல் நேரம்தான் இருந்து மேலேறிப் போனது.

"பேரத் தப்பில்லாமப் போட்டிருக்காங்க," என்றாள்.

வெளியே வந்ததும் போனை எடுத்தாள். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். ப்ரிட்டா உற்சாகமாக இருந்தாள். கிளினிக்கில் ஒரே கூட்டம், மூன்று பேர் காத்திருக்கிறார்கள், சாயங்காலம் கூப்பிடவா என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் காற்று அடித்தது. யாரோ ஒலிபெருக்கியில் எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னார்கள்.

"முதுகு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா. இந்த நாற்காலிதான் சரியில்ல."

"அப்ப கொஞ்சம் எந்திரிச்சு நட," என்று சொல்லிவிட்டு ஆர்டிஸ் போனை வைத்தாள்.

கார் கதவைத் திறந்துவிட்டேன். அவள் வெளியிலேயே நின்று கையுறையைப் போட்டுக்கொண்டாள்.

"ஊர்ல யார் வீட்ல என்ன நடந்தாலும் முதல்ல என் வாசல்ல வந்து கொட்டுவியே லவோன். என் வீட்ல நடந்தத மட்டும் உனக்குள்ளயே வச்சுக்கிட்டியா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் நடக்கத் தொடங்கிவிட்டாள். வீடு மூன்று கிலோமீட்டர், ஜனவரிக் குளிர், சாலையோரம் இடுப்பளவுக்கு ஒதுக்கிவைத்த பனி. ஜன்னலை இறக்கிக் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஊர்ந்தேன். அவள் திரும்பவில்லை, நடையைக் கூட்டவும் இல்லை. எனக்குப் பின்னால் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது, அதற்குப் பின்னால் பள்ளிப் பேருந்து, பிறகு பனி அள்ளுகிற வண்டி. எங்கள் ஊரில் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். எல்லோரும் விளக்கைப் போட்டுக்கொண்டு, அவளுடைய நடைக்கு ஏற்றபடி, வரிசையாக வந்துகொண்டிருந்தோம்.